கரும்பச்சை உருப்படி

என் மனைவியிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். சேலை எடுக்கப் போனால் 'உங்க இஷ்டம்'. வீட்டுக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்றால் 'உங்க இஷ்டம்'. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட முதலில் அதைத்தான் சொன்னாள். இருபத்தெட்டு வருஷம் இப்படியே ஓடியிருக்கிறது. அதனால், போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, வண்ணார்பேட்டை தாண்டி பைபாஸ் ஓரத்தில் இருக்கும் கார் ஷோரூமில் அவள் ஒரு காரின் மேல் கையை வைத்து "இது" என்றபோது எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை.

"எது?" என்றேன்.

"இதுதான்."

கரும்பச்சை. வெயில் பட்ட இடம் பச்சை, நிழல் விழுந்த இடம் கறுப்பு. ஷோரூமின் நடுவில், எல்லாரும் பார்க்கிற மாதிரி நிறுத்தியிருந்தார்கள். நாங்கள் பார்க்க வந்தது வெள்ளை. வெள்ளை என்றால் சூடு ஏறாது, விற்றாலும் விலை போகும் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அவள் கையை எடுக்கவில்லை. என் கணக்கு அங்கேயே முடிந்தது.

நான் ஆட்டு வியாபாரி. மேலப்பாளையம் சந்தையில் நிற்கிறேன். படிப்பு நாலாம் வகுப்பு. எண் தெரியும், தமிழ் வாசிப்பேன், இங்கிலீஷ் வராது. ஆடு ஏற்ற ஒரு லோடு வேன் உண்டு. நானே ஓட்டுவேன். கல்யாண வீடு, மவுத்தான துக்க வீடு, ஆஸ்பத்திரி, எல்லாவற்றுக்கும் அதன் முன் இருக்கையில்தான் அவள் வருவாள். எவ்வளவு கழுவினாலும் ஆட்டு வாடை போகாது. அத்தர் பூசினால் அத்தரும் ஆடும் சேர்ந்து அடிக்கும். ஒரு நிக்காஹ் வீட்டில் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் இருந்தவள் தன் நாற்காலியை இரண்டு தடவை தள்ளிப் போட்டிருக்கிறாள். இவள் வந்து ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு எந்த விசேஷம் வந்தாலும் "நீங்க போயிட்டு வாங்க" என்றாள். நாலு மாதம் கழித்து மகள்தான் காரணத்தைச் சொன்னாள்.

அன்றைக்கு முடிவு செய்தேன். கார் வாங்குவது. வாங்கினால் நல்லதாக வாங்குவது. காசு ஆடு தந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அந்தச் சனிக்கிழமை ஓட்டிப் பார்க்க வேறு ஒரு வண்டி கொடுத்தார்கள். ஆற்றுப் பாலம் வரை போய்த் திரும்பினோம். லோடு வேனில் அந்தப் பாலத்தின் ஒவ்வொரு இணைப்பும் இடுப்பில் தெரியும். இதில் ஒன்றும் தெரியவில்லை. பாலம் முடிந்ததே தெரியாமல் கொஞ்ச தூரம் போய்விட்டேன். கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். அவள் முந்தானையைத் தலையில் இழுத்துப் பிடித்துக்கொண்டு, சிரித்துவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை வந்து பேசி முடிப்பதாகச் சொல்லிவிட்டு வந்தோம். செவ்வாய் எனக்குச் சந்தை.

எங்கள் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். விற்பவன் கையும் வாங்குபவன் கையும் ஒரு துண்டுக்குள் போகும். விரலைப் பிடித்துத்தான் பேச்சு. ஆள் பத்துப் பேர் சுற்றி நின்றாலும் விலை அந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும். விலை ஒத்து வந்தால் துண்டை உதறிவிட்டு, எல்லாரும் பார்க்கக் கையைச் சேர்த்துக் குலுக்குவோம். கை கொடுத்தால் முடிந்தது. அப்புறம் மாற்றம் கிடையாது. வாங்கியவன் உடனே ஆட்டின் முதுகில் தன் அடையாளத்தைப் போட வேண்டும். போடாவிட்டால் கூட்டத்தில் இன்னொருவன் ஓட்டிப் போய்விடுவான். அதற்கென்று மெழுகில் செய்த வண்ணக் கட்டி வைத்திருப்போம். ஆளுக்கு ஒரு நிறம். என்னுடையது நீலம். சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை துண்டுக்குள் என் கையைப் பிடித்த பாளையங்கோட்டைக்காரர் ஒருவர் விலை பேசுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன வே, கை இப்படித் துடிக்குது? காய்ச்சலா?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி."

"ஒண்ணுமில்லாமயா? புதுமாப்பிள கை கணக்கா இருக்கு."

முகத்தில் காட்டாமல் இருக்க முப்பது வருஷமாகப் பழகியிருக்கிறேன். கைக்குப் பழக்க மறந்துவிட்டேன் போல.

புதன்கிழமை மத்தியானம் லுஹர் தொழுகை முடிந்து கிளம்பினோம். வழியில் அவளுக்கு ஒரே ஒரு புத்தி சொன்னேன். பச்சை வண்டியைப் பார்க்கக் கூடாது. ஆசைப்பட்ட ஆட்டைப் பார்த்துக்கொண்டே விலை பேசினால் விற்பவன் கண்டுபிடித்துவிடுவான். வெள்ளை வண்டியையே பார்த்துக்கொண்டிரு என்றேன். சரி என்றாள். உள்ளே போனதும் வெள்ளை வண்டிக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். சீக்காளியைப் பார்க்கப் போன இடத்தில் உட்காருவது போல உட்கார்ந்து அதையே பார்த்தாள். யார் பார்த்தாலும் இவளுக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்துவிடும்.

ஷோரூமில் எங்களைக் கவனித்தது சாத்தான்குளம் பக்கத்துப் பெண்பிள்ளை. இருபத்தைந்து வயசு இருக்கும். வாய் நிறைய இங்கிலீஷ். அந்தப் பிள்ளை முதலிலேயே குண்டைப் போட்டது. அந்தப் பச்சை நிறத்தைக் கம்பெனி நிறுத்திவிட்டதாம். இனி வராதாம். தெற்கே மிச்சம் இருப்பது இந்த ஒரு வண்டிதானாம். அதையும் நாகர்கோவிலில் ஒரு டாக்டரம்மா திங்கட்கிழமை வந்து பார்த்துவிட்டு, புதன் நாலு மணிக்குள் பதில் சொல்வதாகச் சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறாராம்.

"அதே மாடல் சார். கறுப்பு இருக்கு, சாம்பல் இருக்கு, வெள்ளை இருக்கு. கலர் மட்டும்தான் வேற. மத்தது எல்லாம் ஒண்ணுதான்."

இது எனக்குப் புரியாத பேச்சு. ஒரே தாய் போட்ட இரண்டு குட்டிகூட ஒன்றாக இருக்காது. நாங்கள் இனம் பார்த்து வாங்குவதில்லை. உருப்படி பார்த்து வாங்குகிறோம். கையை வைத்த உருப்படிதான் வேண்டும். அதுவும் அவள் கை வைத்தது.

மணி அப்போது இரண்டு.

பேச வேண்டியதைப் பேசிவிடுவோம், டாக்டரம்மா பதில் வரும்போது வரட்டும் என்றேன். முதலில் வண்டியைப் பார்க்க வேண்டும் என்றேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே குனிந்தேன். காவலுக்கு நின்றவர் ஓடி வந்தார். அந்தப் பிள்ளை 'பரவாயில்லை' என்று கையைக் காட்டியது. நாலு டயரையும் தடவினேன். டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும், செய்த வாரமும் வருஷமும். லோடு வேன் வைத்திருப்பவனுக்கு அது தெரியும். மூன்று டயரில் ஒரே எண். பின்னால் இடது பக்கம் மட்டும் வேறு, பழசு. கதவைத் திறந்தேன். கால் வைக்கும் படியில் முடி அளவுக்கு ஒரு கீறல். டிரைவர் இருக்கையின் ஓரம் இளகியிருந்தது. வருகிறவர்கள் எல்லாம் அதில்தான் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். எஞ்சினைப் போடச் சொன்னேன். காதை வைத்துக் கேட்டேன். குரல் சுத்தமாக இருந்தது. மீட்டரில் இருநூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர்.

எதையும் வெளியே சொல்லவில்லை. குறையை விரலால்தான், விலையை இறக்கித்தான் சொல்ல வேண்டும். இங்கே விரலுக்கு வேலை இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

ஏனென்றால் அந்தப் பிள்ளை விலையைச் சத்தமாகச் சொன்னது. சோபாவில் மூன்று பேர் இருக்கிறார்கள். தண்ணீர் கொண்டு வருகிறவர் நிற்கிறார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி லட்சத்தையும் ஆயிரத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னது. எனக்குச் சட்டையைக் கழற்றி நிற்க வைத்த மாதிரி ஆகிவிட்டது. "ஏம்மா, பைய" என்றேன். சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன், பிள்ளை நிதானமாகச் சொல்லச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டது. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னது. காது மந்தம் என்று நினைத்திருக்கும்.

ஒரு தாள் கேட்டேன். அதில் எழுதித் தரச் சொன்னேன். வாங்கி, மடித்து, பிரித்துப் பார்த்து, என் விலையைக் கீழே எழுதி, மறுபடி மடித்து நீட்டினேன். பிள்ளை பிரித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது. மானேஜரிடம் கேட்டு வருகிறேன் என்று எழுந்தது. அந்த விலையை இங்கேயும் எழுத மாட்டேன். பழக்கம்.

மானேஜர் வந்து எங்களைக் கண்ணாடி அறைக்குக் கூட்டிப் போனார். நாற்பது வயசுக்காரர், திருநெல்வேலி ஆள்தான். அவருக்கு இந்தத் தாள் விளையாட்டு பிடித்துவிட்டது. சிரித்துக்கொண்டே எழுதினார். நானும் எழுதினேன். தாள் போவதும் வருவதுமாக இருந்தது. ஒரு தடவை இன்சூரன்ஸைக் குறைத்தார். ஒரு தடவை மிதியடி, கவர் எல்லாம் சும்மா தருவதாக எழுதினார். அதை அடித்துவிட்டு எண்ணை மட்டும் எழுதச் சொன்னேன். காப்பி வந்தது, ஆறியது, எடுத்துப் போனார்கள். நெஞ்சு அடிப்பது எனக்கே கேட்டது. முதல் முதலாகச் சந்தையில் தனியாகக் கையை நீட்டிய அன்று இப்படி அடித்தது. அதற்குப் பிறகு இப்போதுதான்.

அவள் பக்கத்தில் இருந்தாள். கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளை வண்டி அந்தப் பக்கம் இல்லை.

மூன்றரைக்கு இரண்டு எண்ணும் ஒன்றாக வந்தன. நான் மனசில் வைத்திருந்ததைவிடக் கொஞ்சம் கூடத்தான். பரவாயில்லை. மானேஜர் பேனாவை மூடினார்.

"பாய், விலை பேசியாச்சு. நாலு மணிக்கு டாக்டரம்மா வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னா, இந்த விலைக்கு வண்டி ஒங்களுக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து கையை நீட்டினார்.

கையைப் பிடித்தேன். குலுக்கினார்.

இதற்குப் பிறகு நடந்ததற்கு நான்தான் காரணம். 'வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னா' என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. விழாமல் இல்லை. ஆனால் கை கொடுத்தாகிவிட்டது. அவர் மரியாதைக்குக் கொடுத்தார். என் கைக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. கண்ணாடி அறையை விட்டு வெளியே வந்தேன். நேரே பச்சை வண்டியிடம் போனேன். கை சட்டைப் பைக்குள் போனது. பின் சக்கரத்துக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்கு நீலமாக ஒரு கோடு இழுத்தேன். கட்டியைப் பைக்குள் போட்டேன். போட்ட பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

அந்தப் பிள்ளை வாயைத் திறந்தபடி நின்றது. பிறகு மெல்லிய குரலில், இங்கிலீஷ் எல்லாம் போய், சொந்த ஊர்ப் பேச்சில் கேட்டது.

"என்ன பண்ணிட்டிய?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. தோளில் கிடந்த துண்டை எடுத்துத் துடைத்தேன். கோடு போகவில்லை. பரவியது. ஒரு சாண் இருந்தது இரண்டு கை அகலம் ஆனது. காவலுக்கு நின்றவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். மானேஜர் வந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

பின்னால் பட்டறையிலிருந்து ஒருத்தரைக் கூப்பிட்டார்கள். அவர் விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"மெழுகு. ஆட்டுக்குப் போடுததுல்லா? எங்க பெரியப்பா வீட்டுல பாத்திருக்கேன். பாலீஷ் போட்டா பத்து நிமிசத்துல போயிரும். பெயிண்டுக்கு ஒண்ணும் ஆவாது" என்றார். பாலீஷ் எடுக்கப் போனார்.

அந்த நேரம் பார்த்து அந்தப் பிள்ளையின் போன் அடித்தது. நாகர்கோவில் டாக்டரம்மா. வீடியோவில்.

வண்டியை இன்னொரு தடவை சுற்றிக் காட்டச் சொல்கிறார். மானேஜர் சைகை செய்தார், முன்பக்கம் மட்டும் காட்டு என்று. பிள்ளை முன்பக்கம் காட்டியது. உள்ளே காட்டியது. டாக்டரம்மா விடவில்லை. பின்னால் என்றார். போன் பின்னால் போனது.

"அது என்ன நீலமா?"

பிள்ளை மானேஜரைப் பார்த்தது. மானேஜர் எட்டிப் பார்த்து, சின்னக் கிளீனிங் வேலை நடக்கிறது மேடம் என்றார்.

"கிளீனிங்கா? கறையால்ல இருக்கு. எங்கயும் இடிச்சிட்டீங்களா?"

மானேஜர் ஏதோ சொல்ல வந்தார், திக்கினார். டாக்டரம்மா முகத்தில் சந்தேகம் தெரிந்தது. போனில் பார்த்தாலே தெரிந்தது. வாங்க வந்தவர் பின்வாங்கும்போது முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இன்னும் கால் நிமிஷம் நான் சும்மா நின்றிருந்தால் போதும். அவர் வேண்டாம் என்று சொல்லியிருப்பார். வண்டி எங்களுக்கு வந்திருக்கும்.

எங்கள் சந்தையில் அப்படிச் செய்பவன் உண்டு. இன்னொருவர் பேசி வைத்த ஆட்டுக்குக் காலில் நொண்டல், கண்ணில் பூ என்று கதை கட்டிக் கலைத்துவிடுவான். ஒரு தடவை நடக்கும். அப்புறம் அவன் கைக்கு மேல் யாரும் துண்டு போட மாட்டார்கள். நான் கதை கட்டவில்லைதான். ஆனால் கறை நான் போட்டது.

"அத இங்கன குடும்மா" என்று போனை வாங்கினேன்.

"டாக்டரம்மா, நான் ஆட்டு யாவாரி. வண்டி வாங்க வந்திருக்கேன். அந்த நீலம் நான் போட்டது. மெழுகு. தொடச்சா போயிரும். வண்டிய யாரும் இடிக்கல."

அந்த அம்மா போனைக் கிட்டே கொண்டுவந்து என்னைப் பார்த்தார். ஐம்பது வயசு இருக்கும். வெள்ளைக் கோட்டு.

"எதுக்குப் போட்டீங்க?"

"வாங்குனதுக்கு அடையாளம்."

"வாங்கிட்டீங்களா?"

"இல்ல. வாங்கியாச்சுன்னு கை நெனச்சிட்டுது."

அவர் சிரித்துவிட்டார். பின்னால் யாரோ ஒரு நர்ஸும் சிரித்தது கேட்டது. மானேஜர் போனுக்குக் கையை நீட்டினார். அதற்குள் டாக்டரம்மா அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டார்.

"ஆடு பாத்து வாங்குறவர்னா நல்லாப் பாத்திருப்பீங்க. வண்டி எப்படி இருக்கு? உள்ளதச் சொல்லுங்க."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் வண்டியின் அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். உங்க இஷ்டம் என்பதுபோல நின்றாள்.

"எனக்கும் இதேதான் வேணும். அத மொதல்ல மனசுல வச்சுக்கிட்டுக் கேளுங்க" என்றேன். அப்புறம் சொன்னேன். பின்னால் இடது டயர் மற்றதைவிடப் பழசு. டிரைவர் பக்கம் படியில் ஒரு கீறல். அந்த இருக்கை ஓரத்தில் இளகியிருக்கிறது, நிறையப் பேர் உட்கார்ந்து பார்த்த வண்டி. இருநூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. குறை அவ்வளவுதான். எஞ்சின் நல்ல எஞ்சின். நிறம் நல்ல நிறம்.

எல்லாவற்றையும் சத்தமாகச் சொன்னேன். துண்டு இல்லாமல், சோபாவில் இருந்தவர்கள் கேட்க. வாழ்க்கையில் முதல் தடவை.

டாக்டரம்மா யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். நாலு மணிக்குக் கூப்பிடுவதாகச் சொல்லிப் போனை வைத்தார்.

மானேஜர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பாய், நான் ரெண்டு பேர்ட்டயும் நல்லபடியாப் பேசிக்கிட்டு இருந்தேன். இப்பம் ரெண்டு பக்கமும் கெடுத்துட்டிய."

"கேட்டாங்க. சொன்னேன்" என்றேன்.

அவள் என் பக்கத்தில் வந்தாள். மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டாள்.

"எல்லாஞ் சரி மச்சான். கலரு நல்லா இருக்குன்னு எதுக்குச் சொன்னிய?"

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நின்றோம். பட்டறைக்காரர் பாலீஷ் டப்பாவோடு வந்தார். இருங்க அண்ணே, போன் வரட்டும் என்று அந்தப் பிள்ளை நிறுத்தி வைத்தது. அவரும் எங்களோடு நின்றார். வாங்க வந்த சோபாக்காரர்களும் போகவில்லை. அவர்கள் வேலையை விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவர்க் கடிகாரத்தில் நாலு ஆனது. போன் வரவில்லை. நாலு ஐந்து. அவள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள், உதடு அசைந்தது. நாலு பத்துக்கு அடித்தது.

பிள்ளை எடுத்துக் காதில் வைத்தது. வீடியோ இல்லை. "ஓகே மேடம்" என்றது. "சரி மேடம்" என்றது. "கட்டாயம் மேடம்" என்றது. முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. நல்ல பிள்ளை, எங்கள் சந்தைக்கு வந்தால் பிழைத்துக்கொள்ளும். போனை வைத்துவிட்டு மானேஜரைப் பார்த்தது.

"மேடத்துக்கு யாரும் உக்காராத புது வண்டிதான் வேணுமாம். கலர் எதுனாலும் சரியாம். வெள்ளைய புக் பண்ணச் சொல்லிட்டாங்க சார்."

பிறகு என்னைப் பார்த்தது. இப்போதுதான் சிரித்தது.

"ஆட்டுக்காரர்ட்ட சொல்லிருங்கன்னாங்க. அவரு கை நெனச்சது சரிதானாம்."

மானேஜர் எழுந்தார். நான் சொன்ன குறைகளை வைத்து இனி விலையை இறக்கச் சொல்வேன் என்று நினைத்தார் போல. தாளை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். மூன்றரைக்கு என்ன எண்ணோ அதே எண். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்த டயரை மாற்றித் தருகிறேன் பாய் என்றார். சரி என்றேன்.

பட்டறைக்காரர் டப்பாவைத் திறந்து குனிந்தார்.

"அது கெடக்கட்டும்" என்றாள் என் மனைவி.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அந்நிய ஆண்களிடம் பேசி நான் பார்த்ததில்லை.

"நம்பர் வாங்கி வண்டி வெளிய வாரதுக்கு எத்தன நாளாவும்?"

ஒரு வாரம் ஆகும் அம்மா என்றார் மானேஜர்.

"அப்பம் அதுவரைக்கும் கெடக்கட்டும். இல்லாட்டி வேற யாரும் கை வச்சிருவாங்க."

மானேஜருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஷோரூம் நடுவில் நிற்கிற வண்டி இது அம்மா, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டுப் பார்த்தார். அவள் அந்த நீலத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். கடைசியில் வண்டியைப் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்துவதாக ஒத்துக்கொண்டார்.

கையெழுத்துப் போட நிறையத் தாள் இருந்தது. ஒவ்வொன்றிலும் என் பெயரைத் தமிழில் எழுதினேன். அந்தப் பிள்ளை விரலை வைத்து இடம் காட்டியது. முடித்துவிட்டு நிமிர்ந்தால் அவளைக் காணவில்லை. சோபாவில் இல்லை. வெள்ளை வண்டிப் பக்கம் நிச்சயம் இல்லை.

பச்சை வண்டிக்குள் இருந்தாள். பின்னால் இல்லை, முன்னால், டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில். செருப்பை வெளியே கழற்றி ஒழுங்காக வைத்திருந்தாள். நானும் செருப்பைக் கழற்றினேன். அந்தப் பக்கம் சுற்றிப் போய் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். சத்தமே இல்லாமல் மூடியது. வெளியே எல்லாரும் பேசுவது தெரிந்தது, கேட்கவில்லை. தோல் வாசனை அடித்தது. வேறு எந்த வாடையும் இல்லை. அவள் மூச்சை இழுத்து இழுத்து விட்டாள்.

"அடுத்த மாசம் களக்காட்டுல ஒரு நிக்காஹ் இருக்கு" என்றாள்.

"போவோம்."

"ரெண்டு பேருமா."

"ஆமா."

நான் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தேன். சாவி மானேஜரிடம் இருந்தது. எஞ்சின் ஓடவில்லை. முன்னால் கண்ணாடிச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் பைபாஸில் லாரியும் பஸ்ஸும் போய்க்கொண்டிருந்தன. அவள் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். இரண்டு தடவை தப்பி, மூன்றாவது தடவை மாட்டியது. பிறகு கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நேரே ரோட்டைப் பார்த்தாள்.

"பைய போங்க" என்றாள்.

சரி என்றேன்.